முத்து முத்தாய்ப் பருக்கள்

அண்ணன் மகளுக்கு அக்குளில் முத்து முத்தாகப் பருக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னக் குழி. டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் ஆயா உடனே வேப்பிலை தேட ஆரம்பித்துவிட்டார். டாக்டர் பார்த்ததும் சொன்னார்: மொலஸ்கம், வைரஸால் வரும் தோல் தொற்று.

பெரியம்மை வைரஸுக்குத் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் சாது. தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும், ரத்தத்தில் இறங்காது. இரண்டுக்குமே மனிதரை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. பெரியம்மையை 1980இல் ஒழித்ததாக அறிவிக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2024இல் தென்னாப்பிரிக்காவில் நம் குவாசூலு நட்டால் மாகாணத்துக்கும் வந்த குரங்கம்மை வைரஸ் காட்டு விலங்குகளிலும் தங்கும், லேசில் ஒழியாது. சின்னம்மை இந்தக் குடும்பமே இல்லை, அது ஹெர்பிஸ் வகை.

சரி, மொலஸ்கத்துக்கு என்ன செய்வது? துண்டைத் தனியாக வையுங்கள், பருவைக் கிள்ள விடாதீர்கள். பெரும்பாலும் ஒன்றரை வருடத்துக்குள் தானாகவே போய்விடும். பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம்.