உரிமத்தோடு வராத அறிவு

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எங்கள் பிரிவின் இயந்திரம் இன்று மதியம் நின்றுபோனது. வெளிநாட்டுத் தொழில்நுட்ப உரிமத்தோடு வந்தது. கையேட்டை எவ்வளவு புரட்டியும் விடை இல்லை.

மூத்த டெக்னீஷியன் அண்ணன் தன் மேசை இழுப்பறையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த நோட்டை எடுத்தார். பாதி மலாய், பாதி தமிழ். இடப்பக்கம் இயந்திரம் எழுப்பும் சத்தம், வலப்பக்கம் திருக வேண்டிய திருகு. "'கிர்' என்று இழுத்தால் பெல்ட், 'டக் டக்' என்றால் பேரிங்."

தேநீர் இடைவேளைக்கு முன்பே இயந்திரம் ஓடியது.

அந்த நோட்டை எந்த ஒப்பந்தத்திலும் எழுதி வாங்க முடியாது.

கார் உற்பத்தியிலும் இதே கதைதான். கொரியாவின் ஹூண்டாயும் நம் மலேசியாவின் புரோட்டோனும் தங்கள் பெயரில் முதல் காரை ஜப்பானின் மிட்சுபிஷி என்ஜினை வைத்துத்தான் கொண்டுவந்தன. 1975இல் ஹூண்டாய் போனி, 1985இல் புரோட்டோன் சாகா. கொரியாக்காரர்கள் உரிமக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தபோதே தனியாக என்ஜின் ஆய்வுக்கூடம் அமைத்து, 1991இல் சொந்த என்ஜினைக் கொண்டுவந்துவிட்டார்கள். புரோட்டோனின் சொந்த என்ஜினான காம்ப்ரோ வர 2004 ஆனது.

இப்போது சில்லு வடிவமைப்பு. 2025 மார்ச்சில் சில்லு வடிவமைக்கும் பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்துடன் மலேசிய அரசு ஒப்பந்தம் செய்தது: 10 ஆண்டுகளில் நாம் கட்டுவது 250 மில்லியன் அமெரிக்க டாலர், 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி. மனதார வரவேற்கிறேன்.

ஆனால் அந்தப் பயிற்சி பட்டதாரிகளோடு நின்றுவிடக் கூடாது. பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும், இரவுப் பணியில் இயந்திரத்தருகே நிற்பவர்களுக்கும் இடம் வேண்டும். உற்பத்தித்திறன் உயர்வது அவர்கள் கையில்தான். விண்ணப்பம் திறந்தால் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். படிவம் நிரப்ப நான் உதவுகிறேன்.