ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போடும் முன்

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை ஊர்மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். காசோலையில் இந்த இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் துணைத் தலைவர் எதிரணி ஆளாக அமைந்துவிட்டால் தெருவிளக்கு பல்பு வாங்கக்கூட இழுபறி ஆகும். அதட்டிப் பயனில்லை. செலவைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்தை மறுப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

தலைவருக்குப் பதவி தரும் அதிகாரம் இருக்கிறது. விவரம் தெரிந்தவருக்கு வரும் அதிகாரம் பெரும்பாலும் ஊராட்சிச் செயலரிடம் இருக்கும். எந்தக் கணக்கில் எவ்வளவு பணம், எந்த பில் பாக்கி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புதுத் தலைவர் முதல் மாதமே ரொக்கப் புத்தகத்தையும் வங்கி பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இருப்பு ஒத்துவராவிட்டால், கொடுத்த காசோலை வங்கிக்கு இன்னும் போகாமல் இருக்கலாம். அந்தக் காசோலை எண்களை எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

பில் வந்தால் முதலில் தீர்மான எண்ணைத் தேடுங்கள். கட்டுமான வேலை என்றால் அளவுப் புத்தகத்தில் பொறியாளர் பதிந்த அளவு இருக்க வேண்டும். பொருள் என்றால் இருப்புப் பதிவேட்டில் வரவு வைத்திருக்க வேண்டும். அதிகம் ஏமாறுவது மோட்டார் ரிப்பேரில். ‘மோட்டார் காயில் கட்டியது’ என்று மொட்டையாக வரும் பில்லைத் திருப்பி அனுப்புங்கள். எந்தத் தெரு போர்வெல், எத்தனை ஹெச்.பி., கழற்றிய தேதி, மாட்டிய தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரே மோட்டாருக்கு மூன்று மாதத்தில் இரண்டாவது பில் வந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

தீர்மானப் புத்தகத்தில் இடம் விட்டுக் கையெழுத்து வாங்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. பிறகு அந்த இடத்தில் தீர்மானம் முளைக்கும். கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு, அதை ஒட்டியே கையெழுத்துப் போடுங்கள்.

ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம் இப்போது இ-கிராம் ஸ்வராஜ் என்ற இணையதளம் வழியே, டிஜிட்டல் கையொப்பத்தில் போகிறது. அந்தக் கையொப்பத்தை வைத்திருக்கும் சின்ன டோக்கனும் பாஸ்வேர்டும் கணவரிடமோ, செயலரிடமோ, கம்ப்யூட்டர் ஆபரேட்டரிடமோ இருந்தால் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பெயருக்குத்தான் தலைவர். பெண்களுக்கான 50 சதவீத இட ஒதுக்கீட்டில் ஜெயித்துவந்த பலரை இப்படித்தான் ஓரங்கட்டுகிறார்கள். இது மனசு பொறுக்காத அநியாயம். தணிக்கையில் கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவரும் அந்தப் பெண்தான்.

கிராம சபைக்கு ஆள் சேர்ப்பதில் மெத்தனம் வேண்டாம். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். வரவு செலவை அங்கே வாசித்துவிட்ட தலைவருக்கு, ஊர் தரும் நம்பிக்கையே பெரிய பலம்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவில் பதவி நீக்க நோட்டீஸ் வந்தால் ஆட்சியருக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும். வட்டாட்சியர் கூட்டும் கூட்டத்தில் உறுப்பினர்களின் கருத்தும் பதிவாகும். அன்று கைகொடுப்பது, நீங்கள் மறுத்த ஒவ்வொரு பில்லிலும் காரணம் எழுதித் தேதி போட்டு வைத்திருக்கும் நகல்.