திருவிழாவுக்கு முன் வீடு

ஏப்ரல் 20, 2025, ஞாயிறு

29ஆம் தேதி மீனாட்சி கோயிலில் கொடியேற்றம். மே 12 அழகர் ஆற்றில் இறங்குகிறார். அதற்குள் திருப்பூரிலிருந்து அக்கா குடும்பம் வந்துவிடும். அவர்கள் படுக்க வேண்டிய நடு அறையில் இப்போது பழைய பேப்பரும் பாத்திர மூட்டையும் காற்றுப் போன சைக்கிளும் படுத்திருக்கின்றன.

அந்த அறையைத் தொட மனசு வரவில்லை. அடுப்படிக் குழாயில் ஆரம்பித்தேன். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. அது சுண்ணாம்புதான், புளிப்புக்கு இளகும். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, சாப்பிட்டுவிட்டு வந்து தேய்த்தால் ஓடு ஓடாகப் பெயர்கிறது. வேலை முடிந்தும் சும்மா திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பேப்பரை எடைக்குப் போட்டாயிற்று. கிடைத்த காசு ஜிகர்தண்டாவுக்குப் போயிற்று.

ஏப்ரல் 23, புதன்

லீவு போட்டேன். அம்மாவின் சீர்ப் பித்தளையைப் பரணிலிருந்து இறக்கினேன். குத்துவிளக்கு, தவலை, சொம்பு, ஓர் அண்டா. எல்லாம் கறுத்து இரும்பு மாதிரி இருந்தன. ஊறிய பழம்புளியில் கல்லுப்பு போட்டுத் தேய்த்தேன். புளியின் அமிலம் கறுப்பைக் கரைக்க, தேய்த்த இடம் முதலில் லேசான சிவப்பாகவும் அப்புறம் மஞ்சளாகவும் திறந்துகொண்டது. ஆபீசில் நான் செய்யும் வேலை கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று எனக்கே தெரியாது. இங்கே கை போன இடமெல்லாம் தெரிகிறது.

நாற்காலி போட்டு அம்மா மேற்பார்வை. "புளியோட காய விட்றாதடா, பச்சை பிடிச்சிரும். கழுவுன கையோட தொடச்சிரு." கடைசியாகக் காய்ந்த துணியில் திருநீறு தொட்டு ஒரு தேய். விளக்கில் என் மூக்கு தெரிந்தது.

அண்டாதான் சிக்கல். வீட்டில் நாலு பேர். அதில் தெருவுக்கே சோறு வடிக்கலாம். உள்ளே பூசிய ஈயமும் போய்விட்டது. "வெண்கலக்கடைத் தெருவுல போட்டுட்டு வேற எதுவும் எடுப்பமாம்மா?" என்றேன். பதில் இல்லை, எழுந்து உள்ளே போய்விட்டார். சரி, இருக்கட்டும்.

ஏப்ரல் 26, சனி

எவர்சில்வர். நம் பக்கத்துக் கல்யாணங்களில் பேர் வெட்டாமல் யார் பாத்திரம் கொடுக்கிறார்கள்? ஒரு தூக்குவாளியில் காலமான பெரியப்பாவின் பேர். அதை எப்படிக் கழிப்பது? பேர் இருந்தால் தங்கட்டும். மூடி இல்லாத சம்படம், சம்படம் இல்லாத மூடி மட்டும் வெளியே போகட்டும் என்று முடிவு செய்தேன். "பொறுங்க, இதுக்கு மூடி எங்கயோ பார்த்தேன்" என்று மனைவி உட்கார்ந்து, பாதிக்கு மேல் ஜோடி சேர்த்துவிட்டாள். அவளுக்குக் கழிப்பதைவிடச் சேர்ப்பதில்தான் ருசி. மூடி 'டப்'பென்று பொருந்தும்போது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய்

கொடியேறிவிட்டது. நடு அறையில் தரை தெரிகிறது. பாய் விரித்துப் பார்த்தேன், ஆறு பேர் தாராளமாகப் படுக்கலாம். அழகர் அன்றைக்கு அண்டாவில் வாசலில் நீர்மோர் வைக்கலாம் என்றாள் மனைவி. ஈயம் இல்லாத பித்தளையில் மோர் ஆகாது, தண்ணீர் வை என்று அம்மா சொல்லிவிட்டார்.

மின்விசிறி பாக்கி. பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி உள்ளேயே விழும். பக்கத்து வீட்டில் ஸ்டூல் கேட்க வேண்டும்.