கோபோல் கணக்கு

கோத்தகிரியில் விடிந்ததிலிருந்து பனிமூட்டம். மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது. வீட்டிலிருந்தபடி கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல் ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். "அந்தக் கிழட்டு மொழியையா இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்று நேற்று கேட்ட நண்பனுக்காகத்தான் இந்தப் பதிவு.

1959இல் உருவாகத் தொடங்கிய மொழி. அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பரின் ஃப்ளோ-மேட்டிக் என்ற மொழி அதற்கு முன்னோடி. வயதை விடு, காசைப் பார். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற இன்றைய கணினி மொழிகளில் 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் சரியாக 0.3 வராது, 3க்குப் பின் பதினைந்து பூஜ்ஜியங்களுக்கு அப்பால் ஒரு 4 ஒட்டிக்கொண்டு நிற்கும். எண்ணை இரண்டின் அடுக்குகளாகச் சேமிப்பதால் வரும் பிழை அது. அதைத் தவிர்க்க அங்கே தனி ஏற்பாடு வேண்டும். கோபோலிலோ தசமப் புள்ளிக்கு முன் இத்தனை இலக்கம், பின் இரண்டு என்று முதல் வரிகளிலேயே சொல்லிவிடுகிறோம். பைசா பைசாவாகவே இருக்கும்.

பைசா பெரிய விஷயமா? எங்கள் வீட்டில் பெரிய விஷயம்தான். பசுந்தேயிலைக்கு மாதக் கடைசியில் வரும் சீட்டை அப்பா விளக்கடியில் வைத்து, கிலோவை விலையால் பெருக்கி, பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் அடிப்பார். ஒருமுறை நாற்பது பைசா குறைந்தது. மறுநாள் தொழிற்சாலை வாசலில் முதல் ஆளாக நின்றார்.

2020இல் கொரோனா நேரத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநரே கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கேட்டார். வேலையிழந்தோரின் உதவித்தொகை கோபோலில் ஓடும் பழைய கணினிகளை நம்பியிருந்தது.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கணினி படித்த பிள்ளைகள் யாருக்காவது ஆர்வம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். சொல்லித்தருகிறேன், பணம் வேண்டாம்.