மாங்காய் மண்டி விலைப் பக்கம்: வேலைக் குறிப்பு

ஜூன் 3, கிருஷ்ணகிரி

பெயர்கள் = ["தோத்தாபுரி", "செந்தூரா", "நீலம்"]. இவை ஷீட்டிலிருந்து (விரிதாள்) வரும் மாங்காய் ரகங்கள். இதே பெயர்களில் மூன்று மாறிகளும் (மதிப்பை வைக்கும் பெயரிட்ட இடங்கள்) உண்டு, அவற்றில் டன் விலை. பெயரைக் கொண்டு விலையை எடுக்க வேண்டும். ஆனால் திரையில் விலைக்குப் பதில் பெயரே வருகிறது. மேற்கோளுக்குள் இருக்கும்வரை பக்கத்தின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு அது வெறும் எழுத்துதான், அதாவது சரம். அதே பெயரில் மாறி இருக்கிறதா என்று அது தேடாது. மேற்கோளை எடுத்தால் விலை வரும். ஆனால் பெயர்கள் ஷீட்டிலிருந்து வருகின்றன, கையால் எடுக்க வழியில்லை.

ஜூன் 4

சரத்தை நிரலாக ஓட்டும் ஈவால் (eval) வேண்டவே வேண்டாம். ஷீட்டில் யார் எதை எழுதினாலும் அது நிரலாக ஓடிவிடும். மினிஃபை செய்யும்போது (நிரலைச் சுருக்கும்போது) மாறியின் பெயர் சுருங்கும், சரம் அப்படியே நிற்கும். அப்போதும் உடையும். உலாவியின் பொது ஆப்ஜெக்டான விண்டோவில் விண்டோ["நீலம்"] என்று தேடுவது, ஃபங்ஷன்களுக்கு வெளியே வார் (var) போட்டு அறிவித்த மாறிக்கு மட்டும் பலிக்கும். லெட் (let), கான்ஸ்ட் (const) போட்டு அறிவித்தவை அங்கே சேராது.

தனி மாறிகளைக் கலைத்து ஒரே ஆப்ஜெக்டில் (சாவியும் மதிப்பும் கொண்ட தொகுப்பு) போடுவதுதான் சரி (எண்கள் மாதிரிக்கு):

விலை = { தோத்தாபுரி: 22000, செந்தூரா: 30000, நீலம்: 26000 }
பெயர்கள்.மேப்(பெ => விலை[பெ])

மேப் ஒவ்வொரு பெயருக்கும் விலையைத் தேடி, புதிய பட்டியலாகத் தரும். சதுர அடைப்பு கட்டாயம். விலை.பெ என்று எழுதினால் "பெ" என்ற சாவியையே தேடி அன்டிஃபைன்ட் (மதிப்பு இல்லை) தரும்.

ஜூன் 6

தோத்தாபுரிக்கு மட்டும் அன்டிஃபைன்ட். கண்ணுக்கு எழுத்து ஒன்றேதான். லெங்த் (சரத்தின் நீளம்) பார்த்தால் ஆப்ஜெக்டில் உள்ளதும் ஷீட்டில் உள்ளதும் வேறு: ஒன்று 10, மற்றது 11. "தோ"வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். தமிழில் சாவி வைப்பவர்கள் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும். ஆப்ஜெக்டில் போடும்போதும் தேடும்போதும் இரு பக்கமும் பெ.நார்மலைஸ்().ட்ரிம(). நார்மலைஸ் இரு வகையையும் ஒரே வடிவாக்கும். ட்ரிம், ஷீட்டில் ஓரத்தில் ஒட்டும் இடைவெளிக்காக.

ஜூன் 9

விலையும் சரமாக வந்தால் "22000" + "500" கூட்டாது, "22000500" என்று ஒட்டும். சரத்தை முழு எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டை மேப்(பார்ஸ்இன்ட்) என்று போடக் கூடாது: ["10", "20", "30"] கொடுத்தால் 10, NaN, NaN (NaN என்றால் எண் அல்ல). மேப் இரண்டாவதாக அனுப்பும் வரிசை எண்ணைப் பார்ஸ்இன்ட் எண் அடிமானமாக (இரண்டடிமானம், பத்தடிமானம் போல) எடுத்துக்கொள்கிறது. சரத்தை எண்ணாக்கும் நம்பரை வைத்து மேப்(நம்பர்) என்றால் சரி.

"22,000" இன்னும் ஆபத்து. நம்பர் NaN தரும், அதாவது தவறு தெரிந்துவிடும். பார்ஸ்இன்ட் சத்தமில்லாமல் 22 தரும், ஒரு டன் 22 ரூபாய்! முதலில் காற்புள்ளியை நீக்கவும். காலிக் கட்டத்தை நம்பர் 0 ஆக்கும், அதையும் தனியே சோதிக்கவும்.

ஜூன் 10

மேப் தந்த அரேயில் (பட்டியலில்) இருப்பது அந்த நேரத்து விலையின் நகல். மாலையில் விலை.நீலம் மாறினாலும் அரே மாறாது. அதனால் அரேயில் பெயரை மட்டும் வைத்து, திரையில் காட்டும் நேரத்தில் விலையைத் தேடும்படி மாற்றியாயிற்று.