ஏஜென்ட் 86 அரசன் வேடம் போட்டபோது

போன ஞாயிற்றுக்கிழமை ‘கெட் ஸ்மார்ட்’ என்ற பழைய அமெரிக்க உளவாளிச் சிரிப்புத் தொடரில் ‘தி கிங் லிவ்ஸ்?’ எபிசோடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, “அட, இது நம்ம நாடோடி மன்னன் கதைடா!” என்றார்.

உண்மைதான். ஆந்தனி ஹோப் 1894இல் எழுதிய ‘தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா’ நாவல்தான் இரண்டுக்கும் வேர். அரசனை அச்சில் வார்த்ததுபோல ஒருவன் இருக்கிறான், அரசனுக்கு ஆபத்து, அதனால் இவன் போய் அரியணையில் உட்கார வேண்டும். எம்.ஜி.ஆர். 1958இல் தானே தயாரித்து இயக்கி இரட்டை வேடத்தில் நடித்தார். பத்து வருடம் கழித்து, 1968இல், அதே முடிச்சை அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரை மணி நேரச் சிரிப்புக் கதையாக எடுத்திருக்கிறார்கள்.

மெல் புரூக்ஸும் பக் ஹென்றியும் உருவாக்கிய இந்தத் தொடர் 1965இல் தொடங்கி 1970 வரை ஓடியது. ஷூவுக்குள் போன் வைத்திருக்கும் உளவாளி மேக்ஸ்வெல் ஸ்மார்ட் (இவன்தான் ஏஜென்ட் 86), அவனைவிடப் பல மடங்கு கெட்டிக்காரியான ஏஜென்ட் 99, ரகசியம் பேச மேலிருந்து இறங்கும் கண்ணாடிக்கூண்டு (உள்ளே இருப்பவர்களுக்கே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது!) எல்லாம் பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் இந்த எபிசோடில் எனக்குப் பிடித்தது ஸ்மார்ட்டாக நடித்த டான் ஆடம்ஸின் குரல்தான்.

அவர் மேடையில் மற்றவர்களைப் போலப் பேசிக்காட்டியே பெயர் வாங்கியவர். ஸ்மார்ட்டின் அந்த மூக்கால் பேசும் கறார்க் குரலே வில்லியம் பவல் என்ற பழைய நடிகரின் பேச்சைக் கொஞ்சம் இழுத்துப் பெரிதாக்கியதுதான். அரசனாகவும் அவரேதான் நடிக்கிறார், அந்த வேடத்துக்கோ ரொனால்ட் கோல்மனின் குரலை எடுத்துக்கொள்கிறார். இதே நாவல் 1937இல் படமானபோது அதில் இரட்டை வேடத்தில் நடித்தவர் கோல்மன்! முகம் ஒன்றுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் அரசன், யார் ஸ்மார்ட் என்று சொல்லிவிடலாம். ஆள்மாறாட்டக் கதைக்கு அது ரொம்ப முக்கியம், பார்க்கிற நமக்குக் குழப்பம் வந்துவிட்டால் சிரிப்பு போய்விடும்; குழம்ப வேண்டியவர்கள் கதைக்குள் இருப்பவர்கள் மட்டும்தான்.

இன்னொன்று, ஆடம்ஸ் ஒரு இடத்தில்கூடத் தான் செய்வது வேடிக்கை என்று காட்டிக்கொள்வதில்லை. ஸ்மார்ட் மனதார நம்புகிறான், தன்னைப்போல வேடம் போட யாராலும் முடியாது என்று. 1967, 68, 69 என்று தொடர்ந்து மூன்று எம்மி விருதுகள் (அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான விருது) அவருக்குக் கொடுத்தது சரிதான் என்று இதைப் பார்த்தால் தெரியும்.

எம்.ஜி.ஆரின் வீராங்கன் அரியணை ஏறியதும் மக்களுக்காகச் சட்டங்கள் போடுகிறான், அந்த நாற்காலி அவனுக்கு ஒரு வாய்ப்பு. ஸ்மார்ட்டோ எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஸ்மார்ட்தான்.

அப்புறம் 1969இல் அரசனும் ஸ்மார்ட்டும் திரும்ப வருகிற இரண்டு பாகக் கதை ஒன்றும் உண்டு, அதில் ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் கான் இருக்கிறார். அடுத்த ஞாயிறு அதைப் போடச் சொல்லியிருக்கிறார் அப்பா.