ஒரு ஸ்கேனுக்கு மூன்று முறை மலை இறங்கிய கதை

அப்பாவுக்கு மூத்திரம் போவதில் சிரமம் என்று கோத்தகிரியில் வயிற்று ஸ்கேன் எடுத்தோம். புராஸ்டேட்டைப் பார்க்கப் போன இடத்தில் வேறொன்று சிக்கியது: வயிற்றுப் பெருந்தமனியில், அதாவது இதயத்திலிருந்து வயிறு வழியாக இறங்கும் பெரிய ரத்தக்குழாயில், வீக்கம், 5.6 செ.மீ. அந்த இடத்தில் குழாயின் அகலம் வழக்கமாக 2 செ.மீ. சுமாருக்கு இருக்கும். 3 ஆனாலே வீக்கம் என்பார்கள், ஆண்களுக்கு 5.5-ஐத் தொட்டால் ஆபரேஷன் பேச்சு வந்துவிடும். அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை.

கோயம்புத்தூரில் ரத்தக்குழாய் டாக்டர் சி.டி. ஆஞ்சியோகிராம் எழுதிக் கொடுத்தார், ஊசியில் மருந்து ஏற்றி ரத்தக்குழாயைப் படம் எடுக்கும் ஸ்கேன். ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டால், "நாலு மணி நேரம் வெறும் வயிறு, எட்டரைக்கு வந்துடுங்க சார்." அவ்வளவுதான் சொன்னார்கள்.

விடியற்காலை பஸ். மேட்டுப்பாளையம் வரை அப்பா எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. கவுண்டரில் இருந்த பெண் ஃபைலைப் புரட்டிவிட்டு, "கிரியாட்டினின் எங்கே சார்?" என்றார். ஊசியில் ஏற்றும் மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேறும், கிட்னி எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்காமல் ஏற்ற மாட்டார்கள். நியாயம்தான். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, "எல்லாருக்கும் தெரியுமே சார்" என்றார். அந்தப் பதில் இன்னும் வயிற்றில் எரிகிறது. அங்கேயே ரத்தம் கொடுத்து ரிசல்ட் வருவதற்குள் எங்கள் முறை போய்விட்டது. அடுத்த தேதி நான்கு நாள் கழித்து. நீங்கள் போவதாக இருந்தால் உங்கள் ஊரிலேயே முந்தின நாள் கிரியாட்டினின் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் என்றால் அதையும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது முறை ஸ்கேன் சீக்கிரமே முடிந்தது. மருந்து ஏறும்போது உடம்பு சூடாகி, மூத்திரம் போய்விட்டது போலவே தோன்றும், போயிருக்காது. இதை அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. எழுந்ததும் முதல் வேலையாகத் துணியைத் தடவிப் பார்த்தார், பாவம்.

மூன்றாவது முறை ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போனோம். 4.9 என்று போட்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது, டாக்டருக்குத் திருப்தி இல்லை. "கிட்னிக்குப் போற கிளைக்குக் கீழே எவ்வளவு நல்ல குழாய் மிச்சம் இருக்குன்னு போடலையே?" என்றார். நாளைக்கு வீக்கத்துக்குள் ஸ்டென்ட் என்ற செயற்கைக் குழாய் வைக்க வேண்டி வந்தால் அது பிடித்துக்கொள்ள ஒன்றரை சென்டிமீட்டராவது வேண்டுமாம். டிஸ்க்கைப் போட்டால் அதில் உடம்பை 5 மி.மீ. தடிமனில் வெட்டிக் காட்டும் படத் துண்டுகள்தான் இருந்தன, 1 மி.மீ. துண்டுகள் இருந்தால்தான் சரியாக அளக்க முடியும். மறுபடி ஆட்டோ. "ரிப்போர்ட் கொடுத்தாச்சே சார்" என்று முதலில் கையை விரித்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து வந்த டெக்னீஷியன் தம்பி, "மெஷின்ல இன்னும் இருக்குண்ணா, ரெண்டு நாள் போயிருந்தா அழிஞ்சிருக்கும்" என்று வேறு டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தார். முழு நாளில் நான் ஜெயித்தது அந்த ஒன்றுதான். ஆகவே பணம் கட்டும்போதே "மெல்லிய துண்டுகளோடு டிஸ்க் வேண்டும்" என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம் திரையில் டாக்டர் மேலிருந்து காட்டிக்கொண்டே வந்தார். முதலில் இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்குப் போகும் கிளை. ஒரு விரல் அகலம் கீழே குடலுக்கு. அதற்குக் கொஞ்சம் கீழே இரண்டு பக்கமும் கிட்னிக்கு, ஒவ்வொன்றும் 6 மி.மீ. அங்கிருந்து 2.4 செ.மீ. சுத்தமான குழாய். அதற்கும் கீழேதான் வீக்கம். தொப்புள் மட்டத்தில் இரண்டு காலுக்கும் குழாய் பிரிவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. டீ ஃபேக்டரியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர் அப்பா. திரையில் விரலை வைத்து, "முக்கால் இஞ்ச் மெயின் லைன், கால் இஞ்ச் பிராஞ்ச்" என்றார். "கரெக்ட்டுங்கய்யா" என்று டாக்டர் சிரித்துவிட்டார்.

அந்த 5.6? குழாய் வளைந்து போகும் இடத்தில் சாய்வாக அளந்திருப்பார்கள் என்றார். ஊட்டி கேரட்டைச் சாய்த்து வெட்டினால் துண்டு பெரிதாகத் தெரியுமே, அந்தக் கணக்கு. அந்த ஏழு மில்லிமீட்டருக்காக நாங்கள் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தோம்.

இப்போதைக்கு ஆபரேஷன் இல்லை. பிரஷர் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பீடி கூடவே கூடாது. ஆறு மாதம் கழித்து அல்ட்ராசவுண்ட், அதைக் கோத்தகிரியிலேயே எடுத்துக்கொள்ளலாமாம். இரண்டாவது டிஸ்க்கை ரேஷன் கார்டு இருக்கும் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.